ஓசையின்றி இறங்கும் வண்டிகள்

பார்வையற்ற என் மாமா ஹட்டனில் வீதியைக் கடக்கும்போது நம்புவது காதைத்தான். அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 வீதியின் வளைவுகளில், கியர் மாறும் ஓசையைக் கொண்டே பஸ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் பெற்றோலை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் உருண்டுவரும் முச்சக்கரவண்டியை, அதிலும் தகரக் கூரைகளில் மழை கொட்டும் மாலையில், எவருடைய காதாலும் பிடிக்க முடியாது.

சென்ற மாதம் மஞ்சள் கடவையில் அவர் வெள்ளைப் பிரம்பை நீட்டி ஓரடி வைத்ததும், அப்படியொரு வண்டி அதன் நுனியை முறித்துக்கொண்டு போனது. நசுங்கிய அலுமினியத்தை விரலால் தடவிப் பார்த்தவர், "கால் தப்பிச்சிருச்சு, மருமகனே" என்றார்.

நின்று வழிவிடும் சாரதிகளும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் சிலர் 'போங்கள்' என்ற பொருளில் ஹோர்ன் அடிக்கிறார்கள். மாமாவுக்கோ அது 'விலகு' என்று கேட்கிறது. எஞ்சினை ஓடவிட்டு அசையாமல் நின்று, "ஐயா, நிற்கிறேன்" என்று குரல் கொடுத்தாலே போதும். மின்சாரக் கார்கள் குறைந்த வேகத்தில் செயற்கை ஒலி எழுப்புவதற்கென ஐ.நா.வின் 138ஆம் ஒழுங்குவிதி 2016இல் நடைமுறைக்கு வந்தது. எஞ்சினை அணைத்த முச்சக்கரவண்டிக்கு அது பொருந்தாது.

இப்போது மாமா சற்றுத் தூரம் நடந்து, சமதரையிலுள்ள கடவையில்தான் கடக்கிறார். அங்கே எவரும் எஞ்சினை அணைப்பதில்லை.