பற்றையருகே விட்ட கேடயம்

நம் கல்லூரியில் உயர்தரத்துக்குக் கிரேக்க உரோம நாகரிகம் எடுத்தவர்கள் மிகச் சிலர். ஹோமரின் வீரர்களைப் பற்றிப் பேச்சு வந்த ஒரு நாள், பரீட்சைக்கு வராது என்று சொல்லிக்கொண்டே சேர் எங்களுக்கு ஆர்க்கிலோக்கஸ் என்ற பழைய கிரேக்கக் கவிஞரை அறிமுகப்படுத்தினார். லண்டனில் இத்தனை காலம் வாழ்ந்த பிறகும் அந்தக் கவிஞரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் பரோஸ் தீவில் பிறந்தவர். தாசோஸ் தீவுக்குக் குடிபெயர்ந்து அதற்கு எதிர்க்கரையில் வாழ்ந்த திராசியர் என்ற மக்களோடு போரிட்டவர். அவருடைய நான்கு அடிப் பாடல் ஒன்றின் பொருள் இது: கேடயத்தை மனமில்லாமல் ஒரு பற்றையருகே விட்டுவிட்டு வந்தேன், எதிரி ஒருவன் அதை வைத்துப் பெருமைப்படுகிறான், நான் உயிர் தப்பினேன், போனால் போகட்டும், அதற்குக் குறையாத இன்னொன்றைத் தேடிக்கொள்வேன்.

கிரேக்கருக்குக் கேடயத்தை விட்டு ஓடுவது பெரிய இழிவு. இந்தக் கருத்துக்காகவே ஸ்பார்ட்டாவிலிருந்து கவிஞரைத் துரத்தினார்கள் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். சேர் இதையெல்லாம் சொன்னபோது எங்கள் ஊரில் போர் நடந்துகொண்டிருந்தது. உயிர் தப்பியதைச் சொல்ல வெட்கப்படாத ஒருவர் 2600 ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் அந்தக் கேடயம் கவிஞர் கைமாறிக் கைமாறிப் போனது. லெஸ்பொஸ் தீவின் கவிஞர் அல்கேயஸ், தான் தப்பிவிட்டதையும் தன் ஆயுதங்களை ஏதென்ஸ்காரர் கோவிலில் தொங்கவிட்டதையும் நண்பனுக்குப் பாட்டாக அனுப்பினார். அனக்ரியோன் என்ற கவிஞரும் ஆற்றங்கரையில் எறிந்த கேடயத்தைப் பாடினார். கி.மு. 421இல் அரிஸ்டோபனீஸ் தம் 'அமைதி' நாடகத்தில் ஆர்க்கிலோக்கஸின் அடிகளையே ஒரு சிறுவன் வாயில் வைத்தார். கேடயம் எறிந்தவன் என்று ஊரே கேலி செய்த கிளியோனிமஸின் மகன் அவன். "உயிர் தப்பினேன்" என்று பையன் பாட, "பெற்றோரை அவமானப்படுத்திவிட்டாய்" என்று பதில் வருகிறது. அந்த அடிகள் சபையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தானே சிரிப்பு வரும்!

எல்லோரிலும் ஆழமாகக் கடன்பட்டவர் உரோமக் கவிஞர் ஹொரஸ். பரோஸ் தீவின் இயம்பிக் யாப்பை (வசைபாடப் பயன்பட்ட கிரேக்கச் செய்யுள் வகை) லத்தீனுக்கு முதலில் காட்டியவன் நானே, ஆர்க்கிலோக்கஸின் சந்தத்தையும் வேகத்தையும் எடுத்தேன், அவர் தம் எதிரி லிகம்பேஸைத் தாக்கிய வசைச் சொற்களை எடுக்கவில்லை என்று ஒரு கடிதக் கவிதையில் சொல்கிறார். 'முதலில்' என்பது கொஞ்சம் அதிகம்தான். கட்டல்லஸ் என்ற உரோமக் கவிஞர் அதற்கு முன்னரே வசை இயம்பிக் எழுதியிருந்தார். ஆனால் வசையை விட்டு வேகத்தை மட்டும் எடுத்தது ஹொரஸின் பெரிய தெளிவு.

கி.மு. 42இல் பிலிப்பிப் போரில், சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸின் படையில் நின்று தோற்றவர் அவர். பல ஆண்டுகளுக்குப் பின், அதே படையில் இருந்த பொம்பேயஸ் ஊர் திரும்பியபோது எழுதிய பாடலில், தன் சிறு கேடயத்தைப் பெருமையில்லாமல் விட்டு ஓடியதைச் சொல்கிறார். உண்மையில் எறிந்தாரா, இலக்கிய மரபுக்காகச் சொன்னாரா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், வென்ற பக்கத்துப் பேரரசர் அகஸ்டஸின் ஆட்சியில் இருந்துகொண்டே தோற்ற பக்கத்தில் நின்றதைச் சொல்ல அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. ஆர்க்கிலோக்கஸ் அதைக் கொடுத்தார். அதே பாடலில் ஹொரஸ், மெர்க்குரி தெய்வம் மூடுபனியில் மறைத்துத் தன்னை மட்டும் தூக்கிச் சென்றதாகவும், போர் அலை நண்பனை மீண்டும் இழுத்துக்கொண்டதாகவும் பாடுகிறார். பிறகு மதுவை ஊற்றச் சொல்கிறார். திராசியரைப் போல வெறிகொண்டு குடிப்பேன், நண்பன் திரும்பி வந்திருக்கும்போது பித்துப்பிடிப்பதும் இனிது என்று பாட்டை முடிக்கிறார்.