கேன்யன் நடைக்குக் கைடு வேண்டுமா? மேலே எங்கே மழை என்று பாருங்கள்

அமெரிக்காவின் உட்டா, அரிசோனா பக்கம் கேன்யன் (ஆழமான பாறைப் பள்ளத்தாக்கு) நடைக்குத் திட்டம் போடுபவர்கள் முதலில் கேட்பது, கைடு வைத்துக்கொள்வதா, நாமே போவதா என்பதைத்தான். உடல் பலத்தையும் அனுபவத்தையும் வைத்து இதற்குப் பதில் சொல்வது வழக்கம். என் கணக்கு வேறு. தண்ணீர் எங்கிருந்து வரும், எப்போது வரும், வந்தால் ஏறி நிற்க இடம் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த இடத்துக்கு நீங்களே போகலாம். தெரியாவிட்டால், தெரிந்தவரோடு போங்கள்.

அரிசோனாவின் பேஜ் ஊருக்கு அருகிலுள்ள ஆன்டிலோப் கேன்யனில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அது நவஹோ பழங்குடி மக்களின் நிலம், கைடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். முதுகுப்பைக்கும் கேமரா முக்காலிக்கும் அனுமதி கிடையாது. மேல் ஆன்டிலோப்பின் உட்பகுதி சமதரை. கீழ் ஆன்டிலோப்பில் இரும்பு ஏணிகளில் ஏறி இறங்க வேண்டும், முட்டிவலிக்காரர்கள் யோசித்துப் பதிவு செய்யுங்கள். நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் உட்டாவும் நவஹோ நிலமும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைக்கும், அரிசோனாவின் மற்ற பகுதிகள் வைக்காது. பேஜில் இருந்து கைடோடு கிளம்பும் சுற்றுகள் அரிசோனா நேரப்படிதான் நடக்கும். அங்கே ஃபோன் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், அதை நம்பினால் பதிவு செய்த சுற்று தவறிவிடும். ஃபோனில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு அரிசோனா தலைநகரான ஃபீனிக்ஸின் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரும்பு ஏணிகளுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப்பில் வந்த காட்டாற்று வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். கேன்யன் இருந்த இடத்தில் சொல்லும்படியான மழை இல்லை. பல மைல் தள்ளி மேட்டுப் பகுதியில் பெய்த மழைதான் இறங்கி வந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒரு சுற்றுலாக் குழுவின் கைடும் உண்டு. உயிர் தப்பியவர் அவர் ஒருவர்தான். ஆகவே கைடு கூட இருப்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. பணம் கட்டும் முன் கேளுங்கள்: மேலே மழை பெய்தால் உங்களுக்கு எப்படித் தகவல் வரும்? எந்த நிலையில் சுற்றை ரத்து செய்வீர்கள்? இதற்கு நேரான பதில் தராத ஆளோடு போகாதீர்கள்.

மண் குறைவான வெற்றுப் பாறை நிலம் இது. பெய்த மழை ஊறாமல் அப்படியே வழிந்து, பரந்த நிலத்தின் நீர் முழுவதும் சில அடி அகலமே உள்ள பிளவுக்குள் நுழைகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை, பிற்பகல் இடிமழைக் காலத்தில், ஆபத்து மிக அதிகம். தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. உட்டாவின் ஸயன் தேசியப் பூங்காவுக்கு வானிலைத் துறை தினமும் வெள்ள வாய்ப்பை நான்கு நிலைகளில் அறிவிக்கிறது: எதிர்பார்க்கப்படவில்லை, நிகழக்கூடும், நிகழ வாய்ப்பு அதிகம், எதிர்பார்க்கப்படுகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று மூன்றாவது நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. அன்று அந்தப் பூங்காவின் கீஹோல் கேன்யனுக்குள் கைடு இல்லாமல் போன குழுவில் ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களிடம் முறையான பெர்மிட் இருந்தது. பெர்மிட் தருவதால் பூங்கா உங்கள் பாதுகாப்புக்கு உறுதி தருவதாக ஆகாது. இரண்டாம் நிலை என்றாலே குறுகலான கேன்யனை அன்றைக்கு விட்டுவிடுவது நல்லது.

கைடு இல்லாமல் போக எனக்குப் பிடித்த இடம் ஸயனிலுள்ள நேரோஸ் என்ற குறுகலான கேன்யன். வர்ஜின் ஆறுதான் அங்கே பாதை. பூங்காவின் ஷட்டில் பஸ் போகும் கடைசி நிறுத்தத்திலிருந்து ஒரு மைல் சிமென்ட் பாதை, அதன் பிறகு தண்ணீருக்குள் இறங்கி மேல்நோக்கி நடக்க வேண்டும். பிக் ஸ்பிரிங் என்ற இடம் வரை, போக வர ஏறக்குறைய 10 மைல், பெர்மிட் தேவையில்லை. மேலிருந்து இறங்கும் 16 மைல் பாதைக்குத்தான் பெர்மிட். மேட்டூர் செய்தியில் படிக்கிற அதே கன அடிக் கணக்குதான் இங்கும். நீர்வரத்து வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் நேரோஸை மூடிவிடுவார்கள். 70-ஐத் தாண்டினாலே எதிர்நீச்சல் போல நடக்க வேண்டியிருக்கும், குழந்தைகளோடு வேண்டாம். மலையில் பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் மூடியே இருக்கும்.

அடியில் இருப்பதெல்லாம் வழுக்கும் உருண்டைக் கற்கள். செருப்பு, சாண்டல் போட்டால் விரலோ கணுக்காலோ போய்விடும். பூங்கா வாசலை ஒட்டிய ஸ்பிரிங்டேல் ஊர்க் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் கேன்யன் ஷூ, நியோப்ரீன் சாக்ஸ், தடித்த மரக்கோல் மூன்றையும் எடுங்கள். மெல்லிய அலுமினியக் கோல் கல்லிடுக்கில் சிக்கி வளையும். கோலை நீர் வரும் பக்கம் ஊன்றி, இரு கால், கோல் ஆகிய மூன்றில் இரண்டு உறுதியாக ஊன்றிய பிறகே மூன்றாவதை நகர்த்துங்கள். குடிநீர் முழுவதையும் சுமந்து போக வேண்டும். இந்த ஆற்றில் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரியின் நச்சு இருக்கக்கூடும், சாதாரண ஃபில்டர் அதை எடுக்காது. தலையையும் முக்காதீர்கள். வேகம் மணிக்கு ஒரு மைல் என்றே கணக்கு வையுங்கள். கடைசி ஷட்டிலை விட்டால் ஏறக்குறைய 8 மைல் சாலையில் நடை.

நேரோஸில் ஆர்டர்வில் என்ற கிளைக் கேன்யன் சேரும் இடத்தைத் தாண்டினால் வால் ஸ்ட்ரீட் என்ற பகுதி. இருபுறமும் செங்குத்துச் சுவர், ஏறி நிற்க மேடு கிட்டத்தட்ட இல்லை. அதற்குள் நுழையும் முன் கடந்து வந்த கடைசி மேட்டை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மேடேறுங்கள். வெள்ளத்தை ஓடி முந்த முடியாது. சில அடி உயரம்கூட உயிரைக் காக்கும். ஏறிய பிறகு நீர் வடியும்வரை இறங்காதீர்கள், அது மறுநாள் வரை ஆகலாம்.

உட்டா, அரிசோனா எல்லையிலுள்ள பக்ஸ்கின் கல்ச் வேறு ரகம். மிக நீளமான ஸ்லாட் (ஒடுங்கிய பிளவுக் கேன்யன்), வெளியேறும் வழிகள் மிகக் குறைவு, கோடையிலும் குளிரெடுக்கும் சேற்றுக் குட்டைகள். அங்கே போகும் ஹவுஸ் ராக் சாலை களிமண். நனைந்துவிட்டால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் நகராது. முதல் முறை போகிறவர்கள் வயர் பாஸ் என்ற கிளைக் கேன்யன் வழியாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பலாம். முழுவதையும் கடக்க ஆசைப்பட்டால் பணத்தைப் பார்க்காமல் கைடு வைத்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட் கேன்யனில் நிலைமை தலைகீழ். பிரைட் ஏஞ்சல் பாதை தெளிவானது, வழி தப்பாது. அங்கே ஆளை வீழ்த்துவது வெயிலும் ஏற்றமும். 300 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ் கூடும். தென் விளிம்பில் இதமான 27 டிகிரி என்றால் கீழே கொலராடோ ஆற்றங்கரையில் 40. இறங்கும் நேரத்தைப் போல இரு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள். ஆறுவரை போய் ஒரே நாளில் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா எச்சரிப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். சவுத் கைபாப் பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பிரைட் ஏஞ்சலில் குழாய் உண்டு, ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்வழி அடிக்கடி உடையும், அன்றைய நிலையைக் கேட்டுவிட்டே இறங்குங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். பார்க்க நீரிழப்பு போலவே இருப்பதால் கூட இருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்குவார்கள். ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் உப்புக்கடலையோ முறுக்கோ கொஞ்சம் சாப்பிடுங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை நிழலில் உட்கார்ந்துவிட்டு, வெயில் தணிந்த பிறகு ஏறுங்கள். ஆளுக்கொரு ஹெட்லேம்ப் இருக்கட்டும்.