அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் போடுவதா வேண்டாமா

அரையாண்டு லீவுக்கு சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம். மாமா, அத்தை, நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், ஆக ஆறு டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரமெல்லாம் ஒழித்துப் போட்டுவிட்டு லேப்டாப்போடு உட்கார்ந்து, ஆறு பேர் பெயரையும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே அடித்து (எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதே அரை மணி நேரம்), பணம் கட்டப் போகும்போது அந்தக் கட்டம் வந்தது. பயண இன்சூரன்ஸ், தலைக்கு 499 ரூபாய். கீழே இன்னொரு கட்டம், வேண்டாம், ரிஸ்க்கை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தோடு.

ஏதோ பிள்ளைகளைக் கடலில் தள்ளிவிடப் போகிற மாதிரி ஒரு வாக்கியம். இப்படி வெட்கப்படுத்தி வாங்க வைப்பதை ஏமாற்று வேலை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் விதியே போட்டிருக்கிறது. அதில் உதாரணமாகச் சொல்லியிருப்பதே விமான டிக்கெட் இன்சூரன்ஸைத்தான். அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது நிஜம்.

"போட்டுடு, மூவாயிரம்தானே" என்றார் வீட்டுக்காரர். சாய்வு நாற்காலியில் இருந்து மாமா, "வேணாம்மா, அவனுங்க எதுவும் தரமாட்டானுங்க" என்றார்.

மாமாவின் கோபத்துக்குக் காரணம் ஒரு பைக். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னாடி சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது எங்கள் வண்டி இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றது. வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறோமே என்று கேட்கப் போனால், நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது வெறும் தேர்ட் பார்ட்டி. நாம் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கிடைக்கும், நம் வண்டி முழுகினால் ஒன்றும் கிடையாது. கம்பெனி மேல் தப்பே இல்லை, பாலிசியில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை. ஆனால் மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, இந்தத் தடவையாவது படித்துவிட்டு முடிவு செய்வோம் என்று டிக் போடாமல் டிக்கெட்டை மட்டும் எடுத்தேன். பயண இன்சூரன்ஸை ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் தனியாக வாங்கலாம், டிக்கெட்டோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. என்ன, டிக்கெட் போட்டதற்கும் கிளம்புவதற்கும் நடுவில் ஏதாவது நடந்து பயணத்தையே ரத்து செய்ய வேண்டி வந்தால் அந்த நாட்களுக்குக் காப்பு இருக்காது. அவ்வளவுதான்.

கடலூர்க்காரர்களுக்கு டிசம்பர் என்றாலே முதல் பயம் மழைதான். 2011-இல் தானே புயல் அடித்தது டிசம்பர் 30. 2015 வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது, 2023 மிக்ஜாமுக்கு மூடினார்கள், ஃபெஞ்சலுக்கும் மூடினார்கள். அதனால் இன்சூரன்ஸ் என்றதும் என் மனதில் ஓடியது, விமானம் ரத்தானால் ஆறு டிக்கெட் பணமும் போய்விடுமே என்பதுதான். படித்துப் பார்த்தால் அந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது. விமானத்தை கம்பெனியே ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு விமானத்தில் ஏற்றிவிட வேண்டும், இது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. புயல் மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணத்துக்கு நஷ்ட ஈடு மட்டும்தான் கிடையாது. அதாவது கம்பெனியே விமானத்தை ரத்து செய்தால் டிக்கெட் பணம் போய்விடுமே என்பதற்காக இன்சூரன்ஸ் தேவையே இல்லை.

தாமதத்துக்கு இன்சூரன்ஸில் பணம் உண்டு, ஆனால் நான் பார்த்தவற்றில் எல்லாம் இத்தனை மணி நேரம் தாண்டினால்தான் என்று ஒரு கணக்கு இருந்தது, ஒன்றில் 6, இன்னொன்றில் 12. அதுவும் விமான கம்பெனியிடம் எழுதி வாங்கின கடிதம் இருக்க வேண்டும். மழை ராத்திரியில், தூங்கி விழுகிற இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கவுண்ட்டரில் கத்திக்கொண்டிருக்கும் நூறு பேருக்கு நடுவில் புகுந்து கடிதம் கேட்கிற ஆள் நானில்லை. அப்புறம் இன்னொன்று, புயலுக்குப் பெயர் வைத்து டிவியில் சிவப்பு எழுத்தில் ஓட ஆரம்பித்த பிறகு பாலிசி வாங்கினால், அந்தப் புயலால் வரும் நஷ்டம் பெரும்பாலும் சேராது. ஏற்கெனவே தெரிந்த ஆபத்து என்று தள்ளிவிடுவார்கள். நியாயம்தான்.

எங்களுக்கு விமானத்தை விடப் பெரிய சிக்கல் ரோடு. இங்கிருந்து மீனம்பாக்கம் போக நாலு மணி நேரமாவது ஆகும். ஃபெஞ்சல் வந்த அந்த டிசம்பரில் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் ஓடி வண்டிகள் நின்றது ஞாபகம் இருக்கும். விமானம் நேரத்துக்குக் கிளம்பி, நாம் மட்டும் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டால் விமான கம்பெனி பொறுப்பில்லை. அந்த 499 பாலிசியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதற்கு நாங்கள் கண்டுபிடித்த இன்சூரன்ஸ், முதல் நாளே கிளம்பி தாம்பரத்தில் இருக்கும் சித்தி வீட்டில் படுத்துக்கொள்வது. பிரீமியம் இரண்டு கிலோ பண்ருட்டி முந்திரி.

இவ்வளவு தூரம் வந்ததும் எனக்கே வாங்க வேண்டாம் என்றுதான் தோன்றியது. நாத்தனாரிடம் போனில் சொன்னேன். அவள் ஒரே கேள்வி கேட்டாள்: "அண்ணி, அப்பாவுக்கு இங்க வந்து நெஞ்சு வலிச்சா?"

அங்கே அரசு ஆஸ்பத்திரியிலும் சலுகை என்பது குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். போய் வருகிறவர்கள் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும், சேர்க்கும்போதே முன்பணமும் கேட்பார்களாம். மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது, பத்து வருஷமாக சுகர், பிபி. நம் ஊரில் எடுத்திருக்கும் ஹெல்த் பாலிசியை எடுத்துப் பார்த்தேன், இந்தியாவுக்குள் மட்டும் என்று போட்டிருந்தது. அன்றைக்கு ராத்திரிதான் விஷயம் எனக்குப் புரிந்தது. ஒரு வாரமாக நான் பெட்டியையும் டிக்கெட்டையும் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன், அதெல்லாம் போனாலும் நாங்கள் தாங்குவோம். ஐசியூ பில் வந்தால் வீட்டை விற்க வேண்டும்.

புதுச்சேரியில் என் தோழி குடும்பம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பாரிசுக்கு அவள் பெரியப்பா வீட்டுக்குப் போகும். அவர்களுக்கு இந்த யோசனைக்கே இடமில்லை. பிரான்ஸ் மாதிரி ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் விசா கிடையாது. சிங்கப்பூர் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இத்தனை தலைவலி இல்லை.

தனியாக மருத்துவத்துக்கான பாலிசியாகத் தேட ஆரம்பித்தேன். 50,000 டாலர் காப்பு, ஒவ்வொரு கிளெய்முக்கும் முதல் 100 டாலர் நம் பாடு. எங்கள் இரண்டு பேருக்கும் பிள்ளைகளுக்கும் தொகை ஒன்றும் பெரிதில்லை, அத்தைக்குக் கொஞ்சம் கூட. மாமாவுக்குத்தான் வயசுக்கே ஒரு ஏற்றம், சுகர் என்று சொன்னால் இன்னொரு ஏற்றம்.

"சுகர்னு எழுதாதம்மா, கன்ட்ரோல்லதானே இருக்கு" என்றார் மாமா.

"மாத்திரை போட்டுத்தானே மாமா கன்ட்ரோல்ல இருக்கு."

"அவனுக்கு எப்படித் தெரியப் போகுது?"

இதுதான் நம் வீடுகளில் எல்லாம் நடப்பது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டாக்டர் முதலில் கேட்பதே சுகர் இருக்கா, பிபி இருக்கா, எத்தனை வருஷமா என்றுதான். நாமே பதறிப் போய் எல்லாவற்றையும் சொல்வோம், அது அங்கே கேஸ் ஷீட்டில் ஏறும், அந்தக் காகிதம்தான் கிளெய்முக்குப் போகும். மறைத்தது தெரிந்தால் மொத்தமும் போச்சு, கட்டின பிரீமியமும் வீண். சொல்லி வாங்கினாலும் முழு நிம்மதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த பல பாலிசிகளில், ஏற்கெனவே இருக்கிற நோயால் வருவதென்றால் உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும்தான் சேரும், அதுவும் நிலைமை சீராகும் வரைக்கும்தான், சிலதில் அதற்கென்று தனி உச்சவரம்பு வேறு. இருமல், மாத்திரை தீர்ந்து போனது இதற்கெல்லாம் ஒன்றும் கிடைக்காது. அதனால் பதினைந்து நாளைக்கு வேண்டிய மாத்திரையை இருபது நாளைக்கு வருகிற மாதிரி வாங்கி, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று நாள் பேச்சுவார்த்தை. கடைசியில் பைக்கைச் சொல்லித்தான் மடக்கினேன். "அன்னைக்குப் படிக்காம வாங்கினோம் மாமா, இன்னைக்குப் படிச்சிட்டுப் பொய் எழுதச் சொல்றீங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எழுதித் தொலை" என்றார்.

ஆறு பேருக்கும் விவரம் நிரப்பி, மாமாவுக்கு சுகர், பிபி இரண்டுக்கும் ஆம் என்று டிக் போட்டு, ஓடிபிக்குக் காத்துக்கொண்டிருந்தேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். என் பெயர் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"நோய் எதுவும் இல்லைன்னு போட்டிருக்கியே. தினம் காலையில வெறும் வயித்துல ஒண்ணு முழுங்குறியே, அது என்ன மாத்திரைம்மா?"

தைராய்டு. ஆறு வருஷமாக. எனக்கு அது ஒரு நோயாகவே தோன்றியதில்லை. பேசாமல் முந்தின பக்கத்துக்குப் போய், என் பெயருக்கு நேரேயும் ஆம் என்று மாற்றினேன். இருநூற்று நாற்பது ரூபாய் கூடியது. மாமா அதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்குப் போனார்.