‘வெறும் தண்ணிதாண்ணா!’

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறவனிடம் யாரும் காபி கொட்டிவிட்டது என்று சொல்வதில்லை. எல்லாருக்கும் கொட்டுவது வெறும் தண்ணீர்தான். பின்மூடியைக் கழற்றினால் டிகாஷன் வாசம் தூக்கும். ஒரு லேப்டாப்பில் ஃபேனைச் சுற்றி எறும்பு வரிசையே போய்க்கொண்டிருந்தது. கொண்டுவந்த தம்பி எறும்பைப் பார்த்தபடியே சொன்னான்: “வெறும் தண்ணிதாண்ணா!”

என்ன கொட்டியது என்று கேட்பது திட்டுவதற்கு இல்லை. எது கொட்டியதோ அதைப் பொறுத்துத்தான் எங்கள் வேலை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, பெரும்பாலும் தப்பிக்கலாம். போர் தண்ணீர் காய்ந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு முழுக்க வெள்ளைப் படிவு. பால், சர்க்கரை போட்ட காபி, டீ, கூல்டிரிங்ஸ் எல்லாம் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ரசம் இன்னும் மோசம், புளிப்பும் உப்பும் சேர்ந்தே வருகிறது.

ஆனால் எது கொட்டினாலும் லேப்டாப்பைக் கொல்வது ஈரம் மட்டும் அல்ல, ஈரத்தோடு சேரும் கரண்ட். சார்ஜரிலிருந்து வருவது பெரும்பாலான மாடல்களில் 19 வோல்ட்டுக்குப் பக்கம். பிராசஸருக்குப் போவதோ சுமார் 1 வோல்ட். போர்டில் இந்த லைன்களுக்கு நடுவே சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. அந்த இடத்தில் ஒரு சொட்டு நின்றால் போதும். “ஆஃப் பண்ணிட்டேனே” என்பார்கள். பேட்டரி உள்ளே இணைந்திருக்கும் வரை ஆஃப் ஆன லேப்டாப்பிலும் சில லைன்களில் கரண்ட் நின்றுகொண்டேதான் இருக்கும். ஈரம் இருந்தால் அந்த இடத்தில் செம்பு அரித்துப் பச்சையாகப் பூக்கும்.

அதனால் கொட்டிய அந்த நிமிஷம் ஃபைலை சேவ் பண்ண உட்காராதீர்கள். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அழுத்துங்கள். முறையாக ஷட்டவுன் கொடுக்கப் போனால் அது சாவகாசமாக அப்டேட் போட ஆரம்பிக்கும். பென்டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் உருவுங்கள். பழைய மாடலாக இருந்தால் அடியில் தாழ்ப்பாளைத் தள்ளி பேட்டரியைக் கழற்றிவிடலாம். அந்தக் காலத்து வசதி அது, இப்போதைய மெல்லிசு மாடல்களில் இல்லை. பிறகு, திறந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பது போல, கீபோர்டு கீழே பார்க்க ஒரு துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். உலுக்க வேண்டாம். உலுக்கினால் நனையாத இடமும் நனையும். ஹேர் டிரையரும் வேண்டாம். சூடு பட்டுக் கீ வளையும், காற்று தண்ணீரைச் சிப்புக்கு அடியில் தள்ளும்.

அரிசி. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிளே 2024-ல் எழுதிவிட்டது. சிப்புக்கு அடியில் நிற்கும் தண்ணீரை அரிசி போய் உறிஞ்சாது. யூஎஸ்பி ஓட்டையிலிருந்து பொன்னி அரிசியை இடுக்கியால் எடுத்ததுதான் நான் கண்ட பலன். அரிசி மூட்டைக்குள் கிடக்கும் இரண்டு நாளும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் “ஆன் ஆகுதான்னு பார்ப்போம்” என்று ஒரு அழுத்து. மீதி உயிரும் அங்கேதான் போகும்.

கடையில் நாங்கள் முதலில் பிடுங்குவது பேட்டரி கனெக்டரை. அப்புறம் உங்கள் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி, ரேம், கடைசியாக போர்டு. அடுத்து செய்வதைப் பார்த்துத்தான் கஸ்டமர் பதறுவார்: போர்டைத் திரும்பவும் கழுவுவோம். சேறோ சர்க்கரையோ இருந்தால் முதலில் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், மென்மையான பிரஷ். பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அது தண்ணீரோடு கலந்து அதை வெளியே கொண்டுவந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். நன்றாக உலர்ந்த பிறகுதான் மல்டிமீட்டரை வைத்து எங்கே ஷார்ட் என்று தேடுவது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமிருந்து லேப்டாப்கள் சேறோடு வந்து குவிந்தன. வீட்டிலேயே காயவைத்து, ஆன் செய்து பார்த்து, பிறகு கொண்டுவந்தவற்றைவிட, சொட்டச் சொட்ட வந்தவைதான் அதிகம் பிழைத்தன. வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியை மட்டும் நான் திரும்ப மாட்டுவதில்லை. எவ்வளவு நல்லபடியாகத் தெரிந்தாலும் சார்ஜ் போடாதீர்கள். உப்பியிருந்தால் குத்திப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

போர்டு போனாலும் எஸ்எஸ்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டால், விண்டோஸ் 11 பலவற்றில், டேட்டாவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். எஸ்எஸ்டியைப் போர்டிலேயே பற்றவைத்த மாடல்களில் இந்த வழியும் கிடையாது. போர்டை உயிர்ப்பித்தால்தான் டேட்டா.

எல்லாம் சரியாகி வீட்டுக்குப் போன பிறகு, சில வாரம் கழித்துக் கீபோர்டு தானாகவே எழுத்தை அடிக்கத் தொடங்கலாம். பயப்பட வேண்டாம், கீபோர்டு மாற்றினால் தீர்ந்தது. அதுவரை யூஎஸ்பி கீபோர்டு வைத்து ஓட்டலாம். பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கும் மாடல் என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பைக்குள் இருக்கும்போது தானாக ஆன் ஆகிச் சுடும்.