திருகோணமலை மாரியில் மூன்று நாளும் ஒரு மழை ஜக்கெட்டும்

நேற்று இரவுதான் திருகோணமலையில் இருந்து வந்து சேர்ந்தேன். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, சாப்பாடு என்ன விலை என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் மூன்று நாளும் என்னைப் படுத்தியது என் மழை ஜக்கெட்தான். அதை எழுதாமல் மற்றதற்குப் போக மனம் வரவில்லை.

மார்கழியில் அங்கே போகாதே என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். ஐப்பசி தொடங்கினால் தை வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்று, மழை, கொந்தளிக்கிற கடல். புறாமலைத் தீவுக்குப் படகில் போக வேண்டுமென்றால் வைகாசிக்குப் பிறகு போக வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் கேட்கிற அறை வாடகை என் சம்பளத்துக்குக் கட்டாது. மாரியில் எனக்குக் கிடைத்த அறை கிட்டத்தட்ட பாதி விலை. ஜக்கெட் இருக்கிறதே என்ற துணிவும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முதல் கொழும்பில், ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்பு விற்கிற கடையில் 14,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. உள்ளே 10,000 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும். அந்தத் துணியின் மேல் 10 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று அதற்கு அர்த்தம்.

பஸ்ஸிலேயே அந்தத் துணிவு போய்விட்டது. ஹபரணை தாண்டியதும் மழை பிடித்தது. என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியில் இறுகி நின்றது, கூரை இணைப்பில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தோளில் விழுந்தது. கொண்டக்டரிடம் சொன்னேன். "மழைக்கு அப்பிடித்தான் தம்பி, பின்னால போய் நில்லுங்கோ" என்றார். முழு ரிக்கற் காசு கொடுத்தவனை நிற்கச் சொல்வது எந்த நியாயம்? ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன். கந்தளாய் வருவதற்குள் தோள் இரண்டும் கறுத்து ஊறிவிட்டன. முன்பெல்லாம் தாமரை இலையில் போல உருண்டு ஓடும் தண்ணீர், இப்போது துணியில் அப்படியே பரவி நின்றது.

அதிகாலையில் இறங்கினால் ஓட்டோக்காரர் உப்புவெளிக்கு 1,500 ரூபாய் கேட்டார். பத்து நிமிட ஓட்டம். மழை, இருட்டு, கையில் பை; கொடுத்தேன். பிறகு விசாரித்தால் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கவே கூடாது என்றார்கள். அந்த ஆயிரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. தங்குமிடத்தில் சொல்லிவைத்து, விலை பேசின வண்டியில் ஏறுங்கள்.

விடிந்ததும் கோணேசர் கோயிலுக்குப் போனேன். பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து ஏறும்போது மரங்களுக்குக் கீழே மான்கள் மழைக்கு ஒதுங்கி நின்றன. மேலே, இராவணன் வெட்டு என்கிற மலைப்பிளவுப் பக்கம் காற்று ஆளைத் தள்ளியது. அங்கே குடை ஒன்றுக்கும் உதவாது. ஒரு அம்மாவின் குடை என் கண் முன்னாலேயே மடங்கிப் போனது. அரை மணித்தியாலத்தில் என் ரீசேர்ட் தெப்பம். பதினாலாயிரம் ரூபாய் போய்விட்டது, இனிப் புதிசு வாங்கக் காசுக்கு எங்கே போவது என்ற கவலையோடுதான் சுவாமியைக் கும்பிட்டேன்.

அறைக்குத் திரும்பினால், வீட்டுக்கார அக்கா தையல் மெசினில் இருந்தார். விறாந்தையில் தொங்கின ஜக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதை என்னத்தில தோய்ச்சனீங்கள்?"

கொழும்பில் ஒரு லோன்றியில் கொடுத்தேன், வாசமாகத் திரும்பி வந்தது என்றேன்.

"வாசம் வந்தால் அதுக்குள்ள ஏதோ இருக்கெண்டுதானே அர்த்தம். லேபிளைப் பாத்தீங்களே?"

இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் லேபிளை வாசித்தேன். துணி மென்மையாக்கும் திரவம் போடாதே என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த லோன்றி என் துணியை வாங்கும்போது லேபிளைப் பார்த்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு தொழில் செய்கிறவர்களுக்கு அது கடமை.

நடந்தது இதுதான். இப்படியான ஜக்கெட்டில் இரண்டு காவல் உண்டு. வெளித்துணியில் தண்ணீரை உருட்டிவிடுகிற ஒரு மெல்லிய பூச்சு, டி.டபிள்யூ.ஆர். என்பார்கள். அதற்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள சவ்வு. 1969இல் பொப் கோர் என்பவர் டெஃப்லோன் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்துப் பார்த்ததில் பிறந்த கோர்-டெக்ஸ் இந்தச் சவ்வுகளில் பேர்போனது. அதன் துளை நீர்த்துளியை விட 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறை விட 700 மடங்கு பெரியது என்பது அவர்களின் கணக்கு. மழை உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போகும். ஆனால் வெளிப்பூச்சின் மேல் உடம்பு எண்ணெய், ஊத்தை, சவர்க்கார மிச்சம், அந்த வாசனைத் திரவம் எல்லாம் படிந்தால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துவிடும். குடித்த துணியைத் தாண்டி ஆவி போகாது. உள்ளே தண்ணீராகக் குளிர்ந்து நம் மேலேயே இறங்கும். ஜக்கெட் ஒழுகுகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது நம் வியர்வை.

அக்கா வாளியை எடுத்து வந்தார். கிணறு உவர் என்பதால் குழாய்த் தண்ணீர். சிப், வெல்குறோ எல்லாவற்றையும் பூட்டி, வாசமில்லாத திரவச் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி. தூள் வேண்டாம், அது துணிக்குள் தங்கும். முறுக்கிப் பிழியாமல் மெல்லக் கசக்கி, நுரை அற்றுப்போகும்வரை அலசினேன். ஐந்து வாளி தண்ணீர் போனது. கடலடியில் நின்றிருந்தால் தோய்க்காவிட்டாலும் நல்ல தண்ணீரில் ஒருக்கால் அலச வேண்டும், உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வெளிநாட்டில் இதற்கென்றே நிக்வாக்ஸ் டெக் வாஷ் மாதிரித் திரவங்கள் விற்கிறார்கள். லண்டனில் இருந்து யாராவது வந்தால் ஒரு போத்தல் கேளுங்கள், சொக்கிலேற்றை விட உதவும்.

அன்றைக்கு முழுக்க மழை, ஜக்கெட் காற்றாடிக்குக் கீழே தொங்கியது. நான் வெளியே போக முடியாமல் இருந்ததில் ஒரு நன்மை: அக்காவின் இராச்சாப்பாடு. ஆவி பறக்கிற புட்டு, முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பு, சொதி, வெங்காயம் கூடப் போட்ட சம்பல். நண்டு அன்றைக்குப் பிடித்தது, ஓட்டுக்குள் சதை இறுகி இனித்தது. குழம்பில் புட்டை ஊறவிட்டு மூன்று தரம் வாங்கினேன். 900 ரூபாய். கொழும்பில் மூன்று மடங்கு கொடுத்தாலும் இந்த நண்டு கிடைக்காது. இதற்காகவே இன்னொரு மாரியில் போவேன்.

காலையில் ஜக்கெட் காய்ந்திருந்தது. அக்கா அயன் பெட்டியை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, நீராவி இல்லாமல், மேலே பருத்தித் துண்டு போட்டு மெதுவாகத் தேய்த்தார். மிஞ்சியிருக்கிற பூச்சைச் சூடுதான் எழுப்பிவிடும். லேபிளில் அயன் படத்துக்குக் குறுக்கே கோடு போட்டிருந்தால் மட்டும் செய்யக்கூடாது. பிறகு கையால் தண்ணீர் தெளித்தார். முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது! சின்னப் பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்பத் தெளித்துப் பார்த்தேன். அப்போதும் உருளாவிட்டால், பூச்சே தேய்ந்துவிட்டது, தெளிக்கிற பூச்சு வாங்க வேண்டும்.

அன்றைக்கே கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனேன். ஏழு கிணற்றிலும் ஏழு விதமான சூடு, மேலே குளிர் மழை. தோள் காய்ந்தபடியே இருந்தது. அக்குளுக்குள் மட்டும் வியர்த்தது. அது ஜக்கெட்டின் பிழை இல்லை. வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது ஆவி எங்கே போகும்? நம் ஊருக்கு அக்குளில் சிப் வைத்த ஜக்கெட்தான் சரி. விளம்பரத்தில் மூச்சு விடும் துணி என்று போட்டிருக்கிறது என்பதற்காகக் காசைக் கொட்டாதீர்கள்.

சாகிற ஜக்கெட்டும் உண்டு. என் பழைய ஒன்றைப் பொலித்தீன் பையில் மடித்து அலுமாரியில் வைத்திருந்தேன். எடுத்தால் உட்பக்கம் பசை மாதிரி ஒட்டி, தோல் உரிவதுபோல் உரிந்தது. பொலியூரித்தேன் பூச்சை ஈரமும் வெக்கையும் சிதைத்துவிடும். அதற்கு மருந்தில்லை. வெளியே ஊறினால் தோய்க்கலாம், உள்ளே உரிந்தால் எறியலாம். நன்றாகக் காயவிட்டு, மடிக்காமல் காற்றுப் படத் தொங்கவிடுங்கள்.

ஜக்கெட்டுக்கு இந்தப் பயணத்தில் ஆன செலவு, கடையில் வாங்கின திரவச் சவர்க்காரம் 280 ரூபாய். அயன் பண்ணினதுக்குக் காசு நீட்டினேன், அக்கா வாங்கவில்லை. அவருக்குத் தையல் நூல் நல்லதாக இரண்டு பெட்டி அனுப்ப வேண்டும். நாளைக்கு அதை வாங்கப் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போகிறேன்.