தாலுகா நிருபருக்கு இந்தச் சட்டம் எட்டுமா?

செய்தியாளர் சங்கங்களின் கூட்டங்களில் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போடும்போதெல்லாம் மகாராஷ்டிரத்தைப் பாருங்கள் என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்வது வழக்கம். பல ஆண்டுகள் மாவட்டச் செய்திப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் நானும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அண்மையில்தான் அந்த மாநிலத்தின் செய்தியாளர் பாதுகாப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துப் பார்த்தேன்.

மும்பையின் குற்றவுலகச் செய்திகளை எழுதிவந்த ஜோதிர்மய் டே 2011 ஜூன் 11 அன்று பவாய் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகு வலுத்த கோரிக்கையின் விளைவாக, 2017 ஏப்ரலில் மகாராஷ்டிரச் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்க 2019 ஆகிவிட்டது. செய்தியாளரையோ செய்தி நிறுவனத்தையோ தாக்கினால் 3 ஆண்டுகள் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். மருத்துவச் செலவையும் சேதத்துக்கான இழப்பீட்டையும் குற்றவாளியே தர வேண்டும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்ற பிரிவு உண்மையிலேயே பயனுள்ளது. மணல் லாரிக்காரரோடு தினமும் டீ குடிக்கும் காவல் நிலையத்தில் புகாரைக் கொடுத்துவிட்டு, வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிய நிருபர்களுக்கு அதன் அருமை புரியும்.

சிக்கல், யார் செய்தியாளர் என்று வரையறுக்கும் இடத்தில் தொடங்குகிறது. செய்தித் தொழிலை முதன்மைத் தொழிலாகக் கொண்டு, ஊடக நிறுவனத்தில் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ ஒப்பந்தத்திலோ பணியில் இருப்பவரே செய்தியாளர் என்கிறது சட்டம். 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தின் வாசகத்தை ஒட்டிய வரையறை இது. பட்டியலில் கார்ட்டூனிஸ்ட் இருக்கிறார், அலுவலகத்தில் அமர்ந்து பிழை திருத்துபவரும் இருக்கிறார். ஆனால் எங்கள் பக்கத்தைத் தினமும் நிரப்பியவர்களில் பெரும்பாலோர், ஜெராக்ஸ் கடையோ போட்டோ ஸ்டுடியோவோ வைத்துக்கொண்டு, வெளியான செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வாங்கிய தாலுகா நிருபர்கள். அவர்களுடைய முதன்மைத் தொழில் எது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால், பணி நியமன ஆணையோ சம்பளச் சீட்டோ இல்லாத அவர்கள் எதைக் காட்டுவார்கள்? குவாரிக்கும் ஏரிக்கரைக்கும் நேரில் போய்ப் படம் எடுப்பவர்கள் அவர்கள்தான். அடிவாங்கியதும் 'அவர் எங்கள் ஊழியர் இல்லை' என்று நிறுவனம் கைகழுவுவதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, தாக்குதல் பணியாற்றும்போது நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. ரத்னகிரி மாவட்டம் ராஜாபூரில் செய்தியாளர் சசிகாந்த் வாரிசே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் திட்டத்துக்கு ஆதரவாக நின்ற நிலத்தரகர் ஒருவரைப் பற்றி எழுதிய செய்தி 2023 பிப்ரவரி 6 காலையில் வெளியானது. அன்றே பெட்ரோல் பங்க் அருகே அந்தத் தரகரின் கார் வாரிசேயின் இருசக்கர வாகனத்தின் மீது மோதியது. மறுநாள் அவர் இறந்தார். கொலை வழக்காகப் பதியவே எதிர்ப்புக் கிளம்ப வேண்டியிருந்தது. பெட்ரோல் பங்க் அருகே வண்டியில் இருப்பது பணியா? செய்தி வெளியான பிறகு பழிவாங்க வருபவர்கள், நிருபர் கையில் மைக் இருக்கும் நேரம் பார்த்தா வருகிறார்கள்?

ஜாமீனில் விட முடியாத குற்றம் என்பதால் உடனே கைது நடக்கும் என்று நம்புவதும் தவறு. 7 ஆண்டுகள் வரை தண்டனையுள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக்கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து; 3 ஆண்டுத் தண்டனையை வைத்துக்கொண்டு அதற்கு மேல் மிரட்ட முடியாது என்பதைத்தான் சொல்கிறேன். பொய்ப் புகார் கொடுக்கும் செய்தியாளருக்கும் அதே 3 ஆண்டுகள் என்று இன்னொரு பிரிவு சொல்வதைப் படித்தால், சாட்சியில்லாமல் அடிவாங்கிய ஒருவர் புகார் எழுதவே யோசிப்பார்.

சத்தீஸ்கர் 2023 மார்ச்சில் நிறைவேற்றிய சட்டம், சுதந்திரப் பத்திரிகையாளர்களையும் சேர்த்துக்கொண்டு, கடமை தவறும் அரசு ஊழியர் மீதான நடவடிக்கையையும் பேசுகிறது. ஆயினும் இரண்டாண்டு முடிவதற்குள், 2025 ஜனவரியில், சாலைப் பணி முறைகேட்டை வெளிப்படுத்திய செய்தியாளர் முகேஷ் சந்திராகர் அதே மாநிலத்தின் பிஜாப்பூரில் கொல்லப்பட்டார்.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டு மருத்துவர் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவர் என்பதைச் செய்தியாளர் என்று மட்டும் மாற்றினால் போதும் என்பவர்கள், 2024 ஜனவரியில் பல்லடம் அருகே வெட்டப்பட்ட தொலைக்காட்சிச் செய்தியாளரின் ஒலிப்பதிவை மறுபடி கேட்க வேண்டும். தன்னை ஆட்கள் பின்தொடர்வதாக அவர் காவல்துறையிடம் தொலைபேசியில் மன்றாடுகிறார். உதவி வந்து சேருவதற்குள் வெட்டு விழுந்துவிட்டது. மகாராஷ்டிரச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் அந்த அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அழைப்பு வந்த நேரம், எடுத்தவர் பெயர், வண்டி கிளம்பிய நேரம் ஆகியவற்றைப் பதிந்து, தாமதத்துக்கு நிலைய அதிகாரியைப் பொறுப்பாக்கும் பிரிவு ஒன்றும், வெளியான செய்தியையே சான்றாக ஏற்றுத் தாலுகா நிருபரைச் சேர்த்துக்கொள்ளும் பிரிவு ஒன்றும் இல்லாத வரைவை, சங்கங்கள் அரசிடம் கொடுப்பதற்கு முன்பே திருத்திவிட வேண்டும்.