கூகுள்பாட் பொத்தானை அழுத்தாது

தேடலுக்காக இணையப் பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரல்தான் கூகுள்பாட். அது முதலில் எடுப்பது வெறும் எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தின் அடிப்படைக் குறியீட்டைத்தான். பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டிப் பார்ப்பது அடுத்த கட்டம், அதற்குத் தனி வரிசை. 2019 முதல் புதிய குரோமியத்தில் (குரோம் உலாவியின் அடித்தளம்) ஓடுவதால் நவீன நிரல் அதற்குப் புரியாதோ என்ற பயம் வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அது பொத்தானை அழுத்தாது. 'மேலும் காட்டு' என்பதற்குப் பின்னால் உள்ள கட்டுரைகளுக்கு ஆன்கிளிக் (அழுத்தினால் ஓடும் ஸ்கிரிப்ட்) மட்டும் வைத்தால், அந்த வழியாக அவை அதன் கண்ணில் படவே படாது. ஹெச்ரெஃப் (போக வேண்டிய முகவரி) உள்ள சாதாரண இணைப்பு வேண்டும். முதல் எச்டிஎம்எல்லிலேயே நோஇண்டெக்ஸ் (தேடலில் இந்தப் பக்கத்தைக் காட்டாதே என்ற குறிப்பு) இருந்தால், அதைப் பிறகு ஸ்கிரிப்ட் வைத்து நீக்குவதை நம்பாதீர்கள். அந்த ஸ்கிரிப்ட் ஓடாமலே போகலாம். ஸ்கிரிப்ட் கோப்புகளை ரோபோட்ஸ் கோப்பில் (எதை எடுக்கக்கூடாது என்று கூகுள்பாட்டுக்குச் சொல்லும் கோப்பு) தடுத்துவிட்டு, பக்கம் ஏன் வெறுமையாகத் தெரிகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களும் உண்டு.

சைட்மேப்பில் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) லாஸ்ட்மாட் தேதி, அதாவது பக்கம் கடைசியாக மாறிய தேதி, உள்ளடக்கம் நிஜமாகவே மாறியபோது மட்டும் மாறட்டும். தினமும் எல்லாப் பக்கத்துக்கும் இன்றைய தேதியைப் போட்டால் கூகுள் அதை நம்புவதை நிறுத்திவிடும். அதே கோப்பில் வரும் சேஞ்ச்ஃப்ரீக் (எவ்வளவு அடிக்கடி மாறும்), பிரையாரிட்டி (எவ்வளவு முக்கியம்) இரண்டையும் அது பார்ப்பதே இல்லை.